தங்கபுஷ்பம் திரைச்சீலையான வாரம்

எங்கள் வாகைப்பட்டியில், ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை விடியக்காலம், தங்கபுஷ்பம் என்கிற நாற்பது வயதுப் பொம்பளை திரைச்சீலையாகிப் போனாள் என்று சொன்னால் வெளியூர்க்காரன் என்னை மேலும் கீழும் பார்ப்பான், உள்ளூர்க்காரனோ "ஆமா, பச்சைத் துணி, மஞ்சப் பூப் போட்டது, பழைய டிசைனு" என்று துணியின் விவரத்தைச் சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடிப்பான். அப்படிப்பட்ட ஊர் இது, இந்த ஊரில்தான் நானும் கடை வைத்திருக்கிறேன், அவளைத் துணியாக்கியவனும் நான்தான், இதுவரை ஒரு பயல் என்னை என்ன ஏதென்று கேட்கவில்லை என்பதால் நானே சொல்லுகிறேன்.

என் பெயர் சங்கரபாண்டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன், பிளெக்ஸ், கல்யாண போட்டோ எல்லாம் ஒரே கடையில். எங்கள் ஊரில் மூக்கும் முழியும் இருந்தால் மட்டும் ஒருத்தன் ஆளாகிவிட மாட்டான், அது பிளெக்ஸில் வரவேண்டும். காது குத்துக்குப் பிளெக்ஸ், சடங்குக்குப் பிளெக்ஸ், புது டிராக்டருக்கு மாலை போட்டுப் பிளெக்ஸ், செத்தவனுக்குக் கோட்டு மாட்டிப் பிளெக்ஸ். ஆயுசு முழுக்கத் துண்டு ஒன்றைத் தவிர மேலுக்கு எதுவும் போடாத மனுசனின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, யாரோ ஒரு முகம் தெரியாதவனின் கோட்டுக்கு மேலே ஒட்டி, பின்னால் பனிமலையை வைத்து, பஸ் ஸ்டாண்டில் கட்டினால் மகன்காரன் அண்ணாந்து பார்த்து, "எங்கப்பா எப்படி இருக்காரு பாத்தீரா வே" என்று கண்ணைத் துடைப்பான். உயிரோடு இருந்தபோது அந்த மனுசனை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருப்பானா? சவத்தைத் தள்ளு. இந்தக் கூத்தையெல்லாம் என் கடையில் செய்துகொண்டிருந்த டிசைனர் சுயம்புலிங்கம் ஆடி மாதக் கடைசியில் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். கம்ப்யூட்டர் மட்டும் மேஜையில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. ஆகவே நாற்பத்தாறாவது வயதில், எட்டாம் வகுப்புப் படிப்போடு, படம் திருத்தப் பழக நான் உட்கார்ந்தேன்.

வாத்தியார் யூடியூப்பில் ஒருத்தன். "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்து, தன் சானலின் பெருமையைச் சொல்லி, சப்ஸ்கிரைப் பண்ணு, மணியை அமுக்கு, மாமன் மச்சானுக்கு அனுப்பு என்றெல்லாம் ஏவி முடிப்பதற்குள் எனக்கு வந்த வாடிக்கையாளர் திரும்பிப் போயிருப்பார். ஒருவழியாகப் பாடத்துக்கு வந்தானென்றால் அவன் கை போகிற வேகத்துக்குக் கண் போகாது. முதல் வாரம் முழுக்க நான் எதைத் தொட்டாலும் எதுவோ ஒன்று காணாமல் போனது. கருவிகள் வரிசையாக இருந்த பட்டையே ஒரு நாள் மாயமாகி, அதைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இரண்டாம் வாரம் ஒரு கல்யாணப் பொண்ணை வெட்டியெடுக்கப் போய்க் காதை விட்டுவிட்டேன், கம்மல் மட்டும் தனியாகத் தொங்கியது, அந்தப் பொண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "கம்மல் நல்லாத் தெரியுது, அது போதும்" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் வாரம்தான் அந்த முத்திரைக் கருவியைப் பிடித்தேன். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி அதற்கு ஒரு படம் போட்டிருக்கும். சுவரில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு ஆள்மேல் தேய்த்தால், தேய்த்த இடத்தில் ஆள் போய்ச் சுவர் வந்துவிடும். அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! தேர்த் திருவிழாப் படத்தில் குறுக்கே நின்ற ஆட்டைத் தேய்த்தேன், மின்கம்பத்தைத் தேய்த்தேன், பஞ்சாயத்துத் தலைவரின் தொப்பையில் பாதியைத் தேய்த்தேன். மறுநாள் பார்த்தால் ஆடும் கம்பமும் தொப்பையும் அதது இடத்தில் அப்படியே இருந்தன. பின்னே புஷ்பத்துக்கு மட்டும் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஆட்டைத் தேட ஓர் ஆள் இருந்தது என்று மட்டும் எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

தங்கபுஷ்பம் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு வயது பதினேழு, பெரிய தம்பி பாலவேசத்துக்குப் பதினான்கு, கடைசித் தம்பி லிங்கதுரை இடுப்பில் இருந்தான். இடுப்பில் இருந்தவனை இறக்காமலே வளர்த்தாள் என்று சொல்லவேண்டும். சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, அவனை இஞ்சினியர் ஆக்கினாள். நடுவில் அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. கட்டினவன் கை ஓங்குகிறவன், அடி பொறுக்க முடியாமல் இரண்டாம் வருஷம் உதட்டில் தையலோடு திரும்பி வந்துவிட்டாள். அடித்தவன் இன்றைக்கும் பக்கத்து ஊரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய மனுசனாகத் திரிகிறான், வாழாவெட்டி என்கிற பட்டம் மட்டும் இவளுக்கு. ஊரின் நியாயம் அப்படி.

லிங்கதுரைக்குச் செவ்வந்தி என்கிற பொண்ணைப் பேசி, ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போடவேண்டும், அது நாத்தனார் முடிச்சு. புஷ்பம் அந்த இரண்டு முடிச்சுக்காக மூன்று மாதமாகக் காத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தம்பிக்கு நான்தாம்லா முடிச்சுப் போடணும்" என்பாள். தனக்குக் கிடைக்காததையெல்லாம் அந்த ரெண்டு முடிச்சில் கட்டி வைத்திருந்தாள் என்று எனக்கே தெரிந்தது, அவள் தம்பிக்குத் தெரியாதா?

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பிளெக்ஸ் அடிக்க பாலவேசம் ஒரு குடும்பப் படத்தைக் கொண்டுவந்தான். வீட்டு வாசலில் தொங்கிய பச்சைத் திரைச்சீலைக்கு முன்னால் மூன்று பேரும் நிற்கிற படம். நடுவில் புஷ்பம், அவள் வலது கை லிங்கதுரையின் தோள்மேல். பாலவேசம் கொடுத்துவிட்டுப் போன அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து லிங்கதுரையின் குரல் என் போனுக்கு வந்தது.

"அண்ணாச்சி, நான் துரை பேசுதேன். அந்தப் படத்துல அக்காவை மட்டும் எடுத்துருங்க. பொண்ணு வீட்டு ஆளுங்க ஒரு மாதிரி, வாழாவெட்டி முடிச்சுப் போடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. எங்களுக்கு அக்காவே கிடையாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்டாட்டி சொர்ணம் மதினி முடிச்சுப் போட்டுருவாங்க. நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லிராதீங்க. அப்புறம் என் கன்னத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க."

கேட்டுவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? "போலே, மூதேவி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அப்போது புதுக் கருவியைத் தேய்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். திரைச்சீலையில் ஓர் இடத்தைத் தொட்டேன், புஷ்பத்தின்மேல் தேய்த்தேன். முகம் போயிற்று, கழுத்து போயிற்று, சேலை போயிற்று. கற்றுக்குட்டியின் வேலை என்பதால் ஒரே மஞ்சள் பூ ஏழு இடத்தில் வந்து விழுந்தது, தம்பியின் தோள்மேல் இருந்த நாலு விரலை அழிக்க மறந்துவிட்டேன். லிங்கதுரையின் கன்னத்தை வெளுத்தேன். சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன். பழையதை ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று அந்த யூடியூப்காரன் சொல்லியிருந்தானோ என்னவோ, அவன் மணியை அமுக்கச் சொன்னதுதான் என் காதில் நின்றது.

சனிக்கிழமை விடியக்காலம் தெருக்குழாயில் வரிசை நின்றது. வரிசையில் நாலாவதாக ஒரு பச்சைத் திரைச்சீலை வந்து நின்றது. ஓர் ஆள் உயரம், ஆள் அகலம், ஏழு மஞ்சள் பூ, வலது பக்கத்தில் குடத்தின் விளிம்பைப் பிடித்தபடி நாலு விரல்.

"யாரு, புஷ்பமா?" என்றாளாம் முன்னால் நின்ற வேலம்மாள்.

"ஆமா மதினி. காலையில எந்திரிச்சுக் கண்ணாடியைப் பாத்தா இப்படி இருக்கு."

"தொட்டுப் பாக்கட்டா? ஏட்டி, தொட்டா கை மாதிரிதான் இருக்கு, பாத்தாத்தான் துணியா இருக்கு. காய்ச்சல் எதும் வந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல மதினி."

"அப்பச் சரி. வரிசையில நில்லு, குறுக்க போயிராத."

எங்கள் ஊரின் விசாரணை அத்தோடு முடிந்தது. கம்பெனியில் அவளை வாசலிலேயே நிறுத்தினார்கள்; அங்கே வருகைக்குக் கட்டைவிரல் வைக்கவேண்டும், அவளிடம் கண்ணுக்குத் தெரிந்த நாலு விரலில் கட்டைவிரல் இல்லை, மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை என்று மேஸ்திரி வருத்தமே இல்லாமல் சொன்னார். ரேஷன் கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், அட்டையில் இருந்த படமும் பச்சைத் துணியாகத்தான் இருந்தது, இரண்டும் பொருந்துகிறது என்று சர்க்கரையை நிறுத்துப் போட்டார். துணிக்கடை முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இந்தப் பூ இப்ப வாரதில்ல தாயி, பத்திரமா வச்சுக்கோ" என்று புத்தி சொன்னார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நாலு விரலுக்குள் டிக்கெட்டைச் செருகிவிட்டுப் போனார், உட்கார இடம் கேட்டால், "துணிக்கு எதுக்கும்மா சீட்டு" என்று பஸ்ஸே சிரித்தது. இரண்டே நாளில் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடப் பழகிவிட்டார்கள், பொம்பளைகள் அவள் காதுபடவே அவளைப் பற்றிப் பேசப் பழகிவிட்டார்கள், கோயில் பூசாரி விபூதியை நீட்டாமல் தாண்டிப் போகப் பழகிவிட்டார், பாலவேசத்தின் பெண்டாட்டி வெயில் நேரத்தில் அவளை ஜன்னல் பக்கம் நிற்கச் சொல்லப் பழகிவிட்டாள். அதிசயம் நடந்தது என்று ஒருத்தன் வாயைப் பிளக்கவில்லை. இத்தனை காலம் அவளை எப்படிப் பார்த்தார்களோ அதே மாதிரிதான் இப்போதும் பார்த்தார்கள், என்ன வித்தியாசத்தைக் கண்டு வாயைப் பிளப்பது?

பஸ் ஸ்டாண்டில் கட்டின பிளெக்ஸைப் பார்த்துத்தான் புஷ்பத்துக்கு விஷயம் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்தாள். முகம் தெரியாவிட்டால் என்ன, வந்து நின்ற நிலையிலேயே அழுகிறாள் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான அழிச்சீங்க?"

"ஆமா புஷ்பம்."

"யாரு சொல்லி அழிச்சீங்க?"

"பாலவேசம்தான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"அவன் அப்படித்தான். அவன் கிடக்கான். என் துரைக்குத் தெரிஞ்சா அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிருவான்" என்றாள். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நான் முடிச்சுப் போடணும். இந்தக் கோலத்துல மேடை ஏறினா கல்யாண வீட்ல ஸ்கிரீன் துணின்னு சுருட்டி மூலையில வச்சிருவாங்க. என் மூஞ்சியத் திருப்பிக் குடுங்க."

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பின்னால் போகிற பொத்தானை அமுக்கினேன், அமுக்கினேன், விரல் வலிக்கும்வரை அமுக்கினேன். அணைத்துவிட்டுத் திறந்த படத்தில் பின்னால் போக எதுவும் இருக்காது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு படம் தேடினோம். அவள் ஆதார் அட்டையில் துணி, ஓட்டு அட்டையில் துணி, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாலை போட்ட துணி. இந்த உலகத்தில் அவள் முகம் மிச்சமிருந்தால் அது பார்த்தவர்கள் மனசில்தான் இருக்கவேண்டும். ஆகவே திங்கட்கிழமை காலையில் ஊரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக்கூடாது.

நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். டீ வாங்கித் தருவேன் என்று நினைத்து வந்தவர்கள் அதில் பாதி.

"புஷ்பத்துக்கு மூக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இருக்காப்லதான்" என்றார் ரேஷன் கடைக்காரர்.

"மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா?"

"அவ எங்க மூக்குத்தி போட்டா?" என்றாள் வேலம்மாள். "போட்டிருந்தாளே" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். கண் பெரியது என்றார் ஒருத்தர், சின்னது என்றார் ஒருத்தர், மேஸ்திரி பதினொரு வருஷமாக அவளைத் தினமும் பார்ப்பவர், "குனிஞ்சே வேல பாப்பா, வகிடு தெரியும், வகிடு வேணும்னா சொல்லுதேன்" என்றார். அவள் எந்தக் கடையில் தக்காளி வாங்குவாள் என்று அவர்களுக்குத் தெரியும். யாரிடம் போனில் பேசினாள், எத்தனை நிமிஷம் பேசினாள் என்று தெரியும். புருசன் எத்தனை தடவை அடித்தான் என்பதைக்கூட எண்ணிச் சொன்னார்கள். அவளுடைய மூஞ்சி எப்படி இருக்கும் என்று ஒரு சவத்துக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று வெட்கமாவது பட்டார்களா? டீ குடித்துவிட்டு, "வெள்ளையாவே போட்டுரும் வே, பொம்பளைக்கு அது போதும்" என்று எனக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். புஷ்பம் கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை லிங்கதுரை சென்னையிலிருந்து வந்து இறங்கினான். நேராக அவனைக் கடைக்கு இழுத்துவந்து உட்காரவைத்தேன். அக்காள் அப்போது அங்கே இல்லை. "உன்னைத் தூக்கி வளத்தவ. நீ சொல்லுல, உங்கக்கா முகம் எப்படி இருக்கும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அதைச் சொல்லவேண்டும்.

"அக்கா மாதிரிதான் இருக்கும் அண்ணாச்சி" என்றான். பிறகு, "கல்யாணம் முடியட்டுமே. அப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்கு அவனை நாலு சாத்துச் சாத்தலாம் போல வந்தது. அவனைச் சாத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடுத்த நிமிஷமே தோன்றியது.

அன்றைக்கு மத்தியானம் நானே வரைய ஆரம்பித்தேன். பக்கத்தில் புஷ்பம் நின்றாள். முதலில் நான் வரைந்த முகத்தைப் பார்த்து, "இது அந்த சோப்பு விளம்பரத்துல வாரவ" என்றாள். இரண்டாவது வரைந்தது என் பெண்டாட்டி மாதிரி வந்துவிட்டது. மூன்றாவதைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள், திரைச்சீலை குலுங்கியது, நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும், "நகருங்க அண்ணாச்சி" என்றாள்.

"உனக்குத் தெரியாதே."

"உங்களுக்கும்தான் தெரியல. எனக்கு என் மூஞ்சியாவது தெரியும்."

சொன்னவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் மத்தியானமும் எங்கள் ஊர் உண்டுவிட்டுக் குறட்டை விடுகிற நேரத்தில் என் கடையில் ஒரு பச்சைத் திரைச்சீலை கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து படித்தது. எனக்கு மூன்று வாரத்தில் ஏறாதது அவளுக்கு ஒரு மத்தியானத்தில் ஏறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவளும் தடுமாறினாள், மௌஸ் ஒரு பக்கம் போனால் கை ஒரு பக்கம் போயிற்று, படத்தை அளவு மாற்றப் போய்ப் பாலவேசத்தைப் பூசணிக்காய் ஆக்கினாள், "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் ஒன்று, அவள் எதைச் செய்வதற்கு முன்னாலும் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். நான் சொல்லித்தரவில்லை. என்னிடம் பட்டதிலிருந்து கற்றுக்கொண்டாள்.

தோல் நிறத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். படத்திலேயே ஓர் இடத்தைத் தொட்டு அந்த நிறத்தை உறிஞ்சியெடுக்கிற கருவி இருக்கிறது, காட்டிக்கொடுத்தேன். "தம்பி நிறமும் என் நிறமும் ஒண்ணுதான், எங்கம்மா நிறம்" என்று லிங்கதுரையின் கன்னத்தைத் தொட்டாள். சுண்ணாம்பு நிறம் வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் மேஜையைத் துடைத்தேன். பிறகு அவள் அவனுடைய காதுக்குப் பின்னால் தொட்டாள். அங்கே வெளுக்க நான் மறந்திருந்தேன், அவர்கள் அம்மாவின் நிறம் அங்கே ஒரு விரலகலம் மிச்சமிருந்தது, அதை எடுத்துக்கொண்டாள்.

இடது கையால் தன் முகத்தைத் தடவிப் பார்ப்பாள், வலது கையால் அதை வரைவாள். தாடையைத் தடவினாள், தாடை வந்தது. கண்ணை மூடி இமையைத் தடவினாள், இமை வந்தது. திரையில் ஒவ்வொன்றாக வர வர நாற்காலியில் இருந்த துணியிலும் ஒவ்வொன்றாக வந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவள் ஒற்றைக் கண்ணோடு வீட்டுக்குப் போனாள், தெருவில் எல்லோரும் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு வந்துட்டு போலுக்கு" என்று சொல்லிவிட்டுச் சீரியல் பார்க்கப் போனார்கள். நெற்றியில் அம்மைத் தழும்பை வைத்தாள். உதட்டில் தையல் கோட்டை வைத்தாள். "இந்தத் தழும்பெல்லாம் ஒரே சொடுக்குல போக்கிரலாம் புஷ்பம், அதுக்குன்னே ஒரு கருவி இருக்கு" என்று என் புதுப் படிப்பைக் காட்டினேன். "அந்தக் கருவியோட நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி" என்றாள். சும்மா இருந்தேன். சேலை வரைய நேரமில்லை, அந்தப் பச்சைத் துணியையே சேலையாக விட்டுவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் எழுந்து நின்றபோது ஒரு பொம்பளை எழுந்து நின்றாள். இடது கண் ஒரு பொடி பெரியது, தலைமுடி ஓர் ஓரத்தில் அப்பின மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் போய் வெகு நேரம் நின்றாள். அந்தப் படத்தைத் தன் பெயரில் தனியாகச் சேமித்து, பென்டிரைவில் போட்டு, அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குள் அவள் நுழைந்ததும் ஊர் திரும்பிப் பார்த்தது. மூக்குத்தி இடமா வலமா என்று தெரியாத அதே கூட்டம், "மூக்கு கொஞ்சம் கோணிட்டே" என்றது. "கண்ணு ரெண்டும் ஒண்ணு போல இல்லியே, சங்கரபாண்டிக்கு ஒழுங்கா வேல தெரியாது" என்றது. "இருந்தாலும் சேல நல்லாருக்கு" என்றது. அவள் எவருக்கும் பதில் சொல்லவில்லை, நேராக மேடை ஏறினாள். முடிச்சுப் போட ஒப்புக்கொண்ட அந்தச் சொர்ணம் பட்டுச்சேலையில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். நான் கேமராவோடு மணமக்களுக்கு ஒரு முழம் தள்ளி முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன், தாலிகட்டைக் கிட்டத்தில் எடுக்காவிட்டால் என்னைக் கொன்றுவிடுவார்கள்.

செவ்வந்தியின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இந்தம்மா யாரு மாப்ளே?"

லிங்கதுரை கையில் தாலியை வாங்கிக்கொண்டிருந்தான். அக்காளை ஒரு தடவை பார்த்தான். அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், தாலியைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னான்:

"வீடியோகாரங்க கூட வந்தவங்களா இருக்கும் அத்தை."

நான் ஒரு வாரமாக மறைத்து வைத்திருந்ததை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். புஷ்பம் திரும்பி இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போய்விடு தாயி, இந்தப் பயலுக்கு முடிச்சு ஒரு கேடா என்று மனசுக்குள் கத்தினேன். அவள் தம்பியைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. லிங்கதுரை ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். சொர்ணம் சேலையைச் சரிசெய்துகொண்டு குனிவதற்குள் புஷ்பம் குனிந்துவிட்டாள், இரண்டாவது முடிச்சை இறுக்கிப் போட்டாள், மூன்றாவதையும் போட்டாள். போட்டுவிட்டுச் செவ்வந்தியின் காதோடு வாயை வைத்து ஒன்று சொன்னாள், மேளச் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது, ஒரு முழத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"தாயி, உன் போட்டோ ஒண்ணை, நீ மட்டும் இருக்கதா, இவங்க யாருக்கும் தெரியாத இடத்துல எடுத்து வச்சுக்கோ."

மேடையை விட்டு இறங்கினாள். கை நனைக்காமல், திரும்பிப் பார்க்காமல், பந்திக்கு முண்டிக்கொண்டு நின்ற எங்கள் ஊரை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். இன்றைக்குத் தூத்துக்குடியில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. தம்பிமார் வீட்டு வாசல் பக்கம் அவள் வரவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து படம் எடுக்கிற நேரம். மாமன் வரிசை, மச்சான் வரிசை, கட்சிக்காரர் வரிசை, பொன்னாடை, மொய்க்கவர், எல்லாம் எடுத்து ஓய்ந்தபோது செவ்வந்தி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, என்னை மட்டும் தனியா ஒண்ணு எடுங்க."

எடுக்கத்தான் போகிறேன், லிங்கதுரை வெளுத்த பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து அவள் தோளில் கையைப் போட்டான். அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே ஓர் அடி தள்ளி நின்றான்.

"இன்னும் கொஞ்சம்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு மேடையின் ஓரத்துக்குப் போய் நின்றான். நான் எடுத்தேன். உடனே தன் நம்பருக்கு அனுப்பச் சொன்னாள், அங்கேயே நின்று படத்தில் எதையும் தொடாமல் அனுப்பினேன்.